கறையான் வேலை

நியூசிலாந்தில் பாம்பே கிடையாதாம்.
உள்ளே விடவும் மாட்டார்களாம்.
ஐம்பத்தேழு வயது வெல்டருக்கும்
புள்ளிகள் போதவில்லை.
ஆக, நார்த்டேலில் இந்த ஜூலைக் குளிரில்
இரண்டு பேர் மிச்சம்:
நானும், யோகேஷ்னியின் ஜாதிக்காயும்.

ஜாதிக்காய் என்றால் பாம்பு.
பந்துப் பாம்பு, நாலடிக்குக் கொஞ்சம் குறைவு,
ஜாதிக்காயைக் குறுக்கே அறுத்த மாதிரித் தோல்.
பாம்பென்றால் படையும் நடுங்குமாம்.
இது என் தும்மலுக்கே
தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு
உருண்டையாகிவிடுகிறது.

அவள் வைத்திருந்த பிளாஸ்டிக் பெட்டி போதாது,
வளர்ந்துவிட்டது.
கூடத்தில் கண்ணாடி அலமாரி சும்மா நின்றது,
அவள் அம்மா பீங்கான் அடுக்கியிருந்தது.
பீங்கான் போன வருஷமே போய்விட்டது,
அம்மாவோடு.

முதுகுப் பலகையில் காற்றுக்குத் துளை போட்டேன்.
நகரும் கண்ணாடிக்குப் பூட்டு.
விரல் நுழைகிற சந்து போதும், பாம்புக்கு அது வாசல்.
முப்பது வருஷமாக
ஊரார் ஜன்னலுக்கெல்லாம் கம்பி அடித்தவன் நான்,
வெளியே இருப்பவன் உள்ளே வராதிருக்க.
உள்ளே இருப்பது போய்விடாதிருக்க
ஒன்றும் செய்து பழக்கமில்லை.
இரண்டு முறை அளந்தேன்.

இடது கோடியில் அடியில் சூட்டுப் பாய்,
முப்பத்திரண்டு டிகிரி.
வலது கோடி இருபத்தாறு.
ஒரே வீட்டில் இரண்டும் வேண்டும் அப்பா,
அதுவே நகர்ந்து எடுத்துக்கொள்ளும் என்றாள்.
போனில் அவளுக்குப் பின்னால் மழை.

ஒளிவதற்கு இரண்டு கூடு, கோடிக்கு ஒன்று.
தாராளமாகத்தான் செய்தேன்,
இரண்டு பாம்பு படுக்கலாம்.
வேண்டாம் என்றாள். உடம்பு சுவரில் இடிக்கணும்,
எல்லாப் பக்கமும்.
இடித்தால்தான் அதுக்குப் பயம் போகும்.
அறுத்துச் சின்னதாக்கினேன்.
மூன்று படுக்கையறை வீட்டில்
சோபாவின் முதுகில் முதுகை ஒட்டித்தான்
எனக்குத் தூக்கம் வருகிறது.
அதை அவளிடம் சொல்லவில்லை.

தரைக்குத் தென்னைநார்த் தூள், லேசாக ஈரம்.
கவிழ்க்க முடியாத கனத்தில் தண்ணீர்க் கிண்ணம்.
வேலிக்கு அப்பாலிருந்து பக்கிரி ஆன்ட்டி
பால் கொண்டுவரட்டுமா என்றார்.
பால் குடிக்காது ஆன்ட்டி.
"அப்போ சாமிப் பாம்பு இல்ல,"
நிம்மதியாக உள்ளே போனார்.

ஒரு வாரம் தொடாதே என்றாள். தொடவில்லை.
ஐந்து வாரம் சாப்பிடவில்லை.
ஃப்ரீசரில் பட்டாணிப் பைக்குப் பக்கத்தில்
எலிகள் காத்திருக்கின்றன.
காத்திரு அப்பா, அதுக்கும் வீடு மாறியிருக்கு.

புதன் இரவு எட்டு மணிக்கு மின்வெட்டு.
பாய் செத்துவிட்டது.
முப்பத்தொன்று. இருபத்தொன்பது.
டார்ச்சைப் பிடித்தபடி
எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.
கேஸ் அடுப்பில் தண்ணீர் சுடவைத்து
ரப்பர் பையில் ஊற்றித் துண்டில் சுற்றி
இடது கோடியில் வைத்தேன்.
என் கம்பளியை அலமாரிமேல் போர்த்தினேன்,
துளைகளை மட்டும் விட்டு.
பட்டறைக் கோட்டை மாட்டிக்கொண்டு
பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது போல
என்று சொல்வார்கள்,
கறையான் ஏதோ ஏமாந்த மாதிரி.
கறையானை யார் கேட்டார்கள்?
மண்ணை எச்சிலில் குழைத்து
ஒவ்வொரு உருண்டையாய் மேலேற்றி முடித்த பிறகு
ஒரு ராத்திரி
உள்ளே ஏதோ கனமாக நகரும் சத்தம் கேட்டால்
அதற்கு எப்படி இருந்திருக்கும்?

பத்தரைக்கு ஃப்ரிட்ஜ் முனகியது,
தெருவிளக்கு வந்தது.
கம்பளியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன்.
இடது கூட்டுக்குள் முழுக்க நுழைந்திருந்தது,
வால் நுனி மட்டும் வெளியே,
மறந்துவிட்ட மாதிரி.

அங்கே காலை எட்டரை.
வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள்.
நிறைய எழுதி அழித்தேன்.
கடைசியில்
'முப்பது, ஏறிக்கொண்டிருக்கிறது'
என்று அனுப்பினேன்.